தாங்குவோரைத் தாங்குவது யார்?

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு எருசலேமில் வாழ்ந்த, சீராக்கின் மகன் இயேசு என்னும் ஞானாசிரியர், தம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் முதிய பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார். முதுமையில் தந்தைக்குத் துணைநிற்க வேண்டும் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தந்தையின் அறிவு தளர்ந்துபோகும் காலத்திலும் பிள்ளை பொறுமை காக்க வேண்டும் என்றும், தன் இளமை வலிமையை எண்ணி அவரை இகழக் கூடாது என்றும் சேர்த்தே அறிவுறுத்துகிறார். இன்று மருத்துவர்கள் டிமென்ஷியா என்றும் நாம் முதுமை மறதிநோய் என்றும் குறிப்பிடும் துன்பத்தை அந்த ஆசிரியர் ஏதோ ஒரு வீட்டில் கண்ணாரக் கண்டிருக்க வேண்டும் என்றே, அப்பகுதியைப் படிக்கும் நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய அறிவுரை மகனை நோக்கியது. ஆனால் அறிவு தளர்ந்த அந்த முதியவரை நாள்தோறும் குளிப்பாட்டியவர் யார், இரவில் எழுந்து வாசலை நோக்கி நடந்தவரை மீண்டும் படுக்க வைத்தவர் யார், அவருடைய சுடுசொற்களைக் கேட்டுக்கொண்டே சோறு ஊட்டியவர் யார் என்று நூல் சொல்வதில்லை. வேறு நூல்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. மனைவி, மகள், மருமகள் என்று யாரோ ஒருத்தியின் கைகள் அந்த வேலையைச் செய்து வந்தன. அக்கைகளுக்குத் துணையாக நின்றது யார் என்ற கேள்வியோடு வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே நமது நோக்கம். திருப்பூரையும் அதைச் சுற்றியுள்ள பனியன் ஊர்களையும் வாழ்விடமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. அன்றாடம் கதவைப் பூட்டும் நேரத்தில் எழுகின்ற கேள்வியாகவே இருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மறதிநோய் என்பது முதுமையின் இயல்பான விளைவன்று. மூளையைத் தாக்கும் நோய். அல்சைமர் நோய் அதன் முதன்மையான காரணம். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவது மற்றொன்று. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எவர்க்கும் நேரும். சாவி எதற்குப் பயன்படும் என்பதையே மறப்பது நோய். உண்டு முடித்த உடனே, தமக்குச் சோறு போடவில்லை என்று முறையிடுவார். சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். பெற்ற மகளைப் பார்த்து நீ யார் என்று கேட்பார். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு போன்ற சில கோளாறுகளும் இதே தோற்றம் தரக்கூடும். அவற்றைச் சிகிச்சையால் சீர்செய்ய இயலும் என்பதால், தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுவது மிக அவசியம். அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே பல ஆண்டுகள் நீடிக்கும் இந்நோயில் மருந்தைக் காட்டிலும் பராமரிப்பே பெரும்பங்கு வகிக்கிறது.

ஓர் ஊரே துணைநின்ற கதை

அறிவு தடுமாறியவர்களை வீட்டில் வைத்துக் காப்பதற்கு ஓர் ஊரே முன்வந்த வரலாறு பெல்ஜியம் நாட்டில் உண்டு. கேல் என்பது அவ்வூரின் பெயர். மனைவியை இழந்த துயரத்தில் புத்தி பேதலித்த தந்தையின் கையாலேயே கொல்லப்பட்டவர் என்று மரபு கூறும் புனித டிம்ப்னாவின் கல்லறை அங்குள்ளது. மனநோயாளரின் பாதுகாவலியான அவரை நாடி, இடைக்காலத்தில் மக்கள் தங்கள் வீட்டு நோயாளிகளை அழைத்து வந்தார்கள். ஆலயத்தை ஒட்டிய நோயாளர் கூடம் நிரம்பி வழிந்தபோது, ஊர்மக்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைக்கத் தொடங்கினார்கள். நோயாளி அக்குடும்பத்தில் ஒருவராகவே உண்டார். தம்மால் இயன்ற வேலையைச் செய்தார். சந்தைக்கும் ஆலயத்துக்கும் சென்றார். வழக்கம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கேல் ஊரின் வீடுகளில் வாழ்ந்தார்கள்.

கேல் மறதிநோயாளருக்காக ஏற்பட்ட ஊரன்று. அங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் வேறு மனநோய்களால் வருந்தியவர்கள். ஆயினும் அவ்வூர் வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அங்குள்ள குடும்பங்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி அந்த ஏற்பாடு நடைபெறவில்லை. முதலில் ஆலயமும், 1850க்குப் பின் அரசும் அக்குடும்பங்களின் பின்னால் நின்றன. பராமரிப்புக்குப் பணம் தரப்பட்டது. 1862இல் ஊரின் நடுவே மருத்துவமனை எழுந்தது. வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வரும்போது நோயாளியைச் சில நாள் அங்கே சேர்க்க முடிந்தது. தெருவில் வழிதவறி நிற்பவரைக் கண்டால் எந்த வீட்டுக்காரர் என்று அறிந்து கொண்டுபோய்விட அண்டை வீட்டார் இருந்தார்கள். அத்தனை துணைகளும் இருந்ததாலேயே ஒரு வீட்டுப் பெண்ணால் அந்நியர் ஒருவரை ஆண்டுக்கணக்காகத் தாங்க முடிந்தது.

மறக்கப்பட்ட கணவர்

இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயர் பிறந்த கதையும் பராமரிப்பவர் ஒருவரின் தோல்வியில்தான் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருடைய கணவர் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர். மனைவியின் மறதியையும் காரணமற்ற சந்தேகங்களையும் வீட்டில் வைத்துச் சமாளிக்க இயலாமல் அவர் மருத்துவமனையை நாடினார். ஆலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அப்பெண்மணியிடம் கேட்ட கேள்விகளையும் அவர் தடுமாறித் தந்த விடைகளையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் தூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்கள் முன் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார்.

நோயாளியின் பெயரும் மருத்துவரின் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. எழுத்தர் சம்பளத்தில் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்ட முடியாமல், செலவு குறைந்த இடத்துக்கு மனைவியை மாற்ற முயன்ற அந்தக் கணவரைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை. பெயர் கிடைத்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் சென்ற பின்னரே அவரைப் போன்றோர் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொண்டார்கள். 1979இல் இங்கிலாந்திலும் 1980இல் அமெரிக்காவிலும் நோயாளர் குடும்பங்களின் முயற்சியால் சங்கங்கள் தோன்றின. 1984இல் பல நாட்டுச் சங்கங்கள் இணைந்து உலகளாவிய கூட்டமைப்பை நிறுவின. 1994 முதல் செப்டம்பர் 21ஆம் நாள் உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கணவாய்க்கு அப்பால்

இந்தியாவில் இவ்வியக்கம் தோன்றிய இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் திருச்சூர் மாவட்டம்; அங்குள்ள குன்னம்குளத்தைச் சேர்ந்தவர் மருத்துவர் ஜேக்கப் ராய். தம் தந்தையே இந்நோயுற்றதைக் கண்டவர் அவர். 1992இல் அவர் முன்னின்று அல்சைமர் மற்றும் அதனோடு தொடர்புடைய நோய்களுக்கான இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். நோய்க்குப் பெயரே தெரியாத காலம் அது. மலையாளத்தில் அதைச் 'சின்னன்' என்றார்கள். பிள்ளைத்தனம் என்று பொருள். நம் ஊர்களிலும் 'சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு' என்று சொல்லும் வழக்கு உண்டல்லவா? அன்போடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் நோயை நோயென்று அறியவிடாமல் மறைத்துவிடுகிறது. வயதானால் அப்படித்தான் என்று எண்ணுகின்ற வீட்டார் மருத்துவரிடம் செல்வதில்லை. பராமரிக்கும் பெண் களைத்துப் போனாலும், இயல்பான முதுமையைக் கூடத் தாங்க மாட்டாதவள் என்ற பழியே அவளுக்கு மிஞ்சுகிறது.

1998இல் கொச்சியில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் 10/66 என்ற விந்தையான பெயருடன் ஓர் ஆய்வுக்குழு உருவாயிற்று. உலக மறதிநோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வோ மொத்த ஆய்வில் நூற்றுக்கு 10 பங்கு கூட இல்லை என்ற ஏற்றத்தாழ்வையே அப்பெயர் சுட்டியது. திருச்சூர்ப் பகுதியில் மனநல மருத்துவர் கே. எஸ். சாஜியும் அவருடைய குழுவினரும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சியளித்து, மறதிநோயுற்றோரை இனங்காணச் செய்து, 2002இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊரின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்த பெண்களுக்கு, எந்த வீட்டுப் பாட்டி மாறிப்போனார் என்பதும் தெரிந்திருந்தது. சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 3.5 பேருக்கு இந்நோய் இருப்பதாக 1997இலேயே கூறியிருந்தது. பின்னர் சென்னையும் வேலூரும் 10/66 குழுவின் பெரிய கணக்கெடுப்பில் இடம்பெற்றன. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது.

எண்ணிக்கையைக் காட்டிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு முடிவு. மேலைநாட்டில் முதியோர் தனித்து விடப்படுகிறார்கள், நம் நாட்டிலோ கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று மேடைதோறும் நாம் பெருமை பேசி வந்தோம். இந்தியா, சீனா, இலத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளில் 706 நோயாளர்களின் பராமரிப்பாளர்களைச் சந்தித்து 10/66 குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பெருமையைச் சோதித்துப் பார்த்தது. முதியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் இருந்தார்கள், அது உண்மையே. ஆனால் பராமரித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் அனுபவித்த மனஅழுத்தம் மேலைநாட்டுப் பராமரிப்பாளரின் அழுத்தத்துக்குச் சிறிதும் குறைந்ததாக இல்லை. வீட்டில் ஆட்கள் மிகுந்திருந்தால் சுமை சற்றே குறைந்தது, நீங்கிவிடவில்லை. பலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டோ கைவிட்டோ வருவாய் இழந்திருந்தார்கள். கூட்டுக்குடும்பம் என்ற சொல்லுக்குள்ளே கூட்டமாகப் பலர் இருந்தாலும், பராமரிப்பு என்னவோ ஒருத்தியின் தலைமேல்தான் விழுந்திருந்தது.

ஒன்றரை ஷிப்டும் ஒரு முதியவரும்

இந்தச் செய்தியை மனத்தில் கொண்டு நம் திருப்பூருக்கு வருவோம். நொய்யல் கரையில் பருத்திச் சந்தையாக வளர்ந்த ஊர் இது. 1932 ஜனவரியில் கொடிகாத்த குமரன் தடியடிபட்டு உயிர்நீத்த நாட்களிலேயே பின்னலாடைத் தொழில் இங்கு வேரூன்றத் தொடங்கியிருந்தது. நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனே இவ்வூரின் உற்பத்தியாக இருந்தது. கம்பெனிகளில் வேலை செய்தோரும் பெரும்பாலும் ஆண்களே. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் 127 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தம் இன்னும் பழையவர் நினைவில் இருக்கிறது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2009இல் ஊர் மாவட்டத் தலைநகராயிற்று. இந்த வளர்ச்சியோடு பெண்கள் பெருந்தொகையாகக் கம்பெனிகளுக்குள் வந்தார்கள். கைமடித்தல், செக்கிங், பேக்கிங் என்று தொடங்கிப் பவர் டேபிள் வரையில் அவர்கள் கை படாத ஆடை இன்று இல்லை.

பெண்கள் வெளியே வந்து கூலி ஈட்டியது நன்மையே. பல குடும்பங்களில் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றது அந்தக் கூலியால்தான். ஆனால் அவர்கள் வந்த பின் வீட்டில் விட்டுவந்த வேலையை எவர் ஏற்றார் என்று ஊர் கேட்கவில்லை. இங்கு ஒரு நாள் வேலை என்பது பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே நுழைந்தவர் இரவு எட்டரைக்கே வெளியே வருவார். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு எழுந்து சென்ற ஒவ்வொரு மணியும் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். கணவனும் மனைவியும் இப்படிச் சென்றால்தான் லைன் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுப்படியாகும்.

அத்தகைய வீட்டில் ஒரு முதியவருக்கு மறதிநோய் வந்தால் என்ன ஆகும்? மதுரை, திண்டுக்கல், தேனி, நெல்லை என்று தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். ஊரில் துணையை இழந்து தனித்துப்போன தாயையோ தந்தையையோ மகன் இங்கே அழைத்து வருகிறான். சொந்த ஊரில் அவர் வழிதவறினாலும், இன்னாருடைய அப்பா என்று அடையாளம் சொல்லி அழைத்து வர ஆயிரம் பேர் இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரிப்பது, ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வது என்று மறதிக்குள்ளும் செய்யத்தக்க வேலைகள் இருந்தன. இங்கே ஒரே மாதிரியான பத்துக் கதவுகளுள் தம் கதவு எதுவென்று அவருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டாரும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இருப்பவரோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர், மொழி புரிவதில்லை. கடைசியில் மருமகளோ மகளோ வேலையை விட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பூட்டுப் போட்டுச் செல்பவளை நாம் எளிதில் தூற்றிவிடுகிறோம். நண்பகல் உணவு இடைவேளையில் மூச்சிறைக்க ஓடிவந்து கதவைத் திறந்து, அழுக்கான துணியை மாற்றி, இரண்டு வாய் ஊட்டிவிட்டு மறுபடி மெஷினுக்கு ஓடுகிறவளும் அவள்தான்.

பழங்காலக் கிராமத்தைப் பொற்காலமென்று போற்ற நாம் முனையவில்லை. நாடு விடுதலை பெற்ற நாளில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. இன்று 70ஐ எட்டிவிட்டது. இந்நோய் வரும் வயதுவரை அன்று வாழ்ந்தோரே குறைவு. வாழ்ந்தவர்களைக் கிறுக்கு என்று ஏசியதும் உண்டு. மருமகள் அன்றும் அழுதாள். ஆனால் அன்று வீட்டில் நாத்தனாரும் ஓரகத்தியும் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2019–21 குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. முதியோர் பெருகுகிறார்கள், தாங்கும் கைகள் குறைகின்றன.

சட்டம் எதுவரை வந்தது?

பெண்கள் ஆலைக்குச் சென்றபோது தொட்டில் குழந்தைகளை எங்கே விடுவது என்ற கேள்வியைச் சட்டம் கேட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் பலர் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் அமைக்கக் கட்டளையிட்டது. எல்லா இடத்திலும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் குழந்தை வளர்ப்பு அந்தத் தாயின் தனிப்பாடு மட்டுமன்று என்ற ஒப்புதல் அதில் இருந்தது. திண்ணையில் விட்டுவந்த முதியவரைப் பற்றி அத்தகைய ஒப்புதல் எதுவும் அச்சட்டத்தில் இல்லை.

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்று அது எச்சரிக்கிறது. வசதியிருந்தும் பெற்றோரைத் தெருவில் விடுவோர்க்கு இது வேண்டியதே. ஆனால் கைவிடாமல் தாங்கிக்கொண்டே களைத்து விழுபவருக்கு அச்சட்டம் ஒரு மணி நேர ஓய்வையும் தருவதில்லை. சீராக்கின் நூலைப் போலவே அதுவும் பிள்ளையை மட்டும் நோக்கிப் பேசுகிறது.

கேரள அரசு ஒரு படி முன்னே சென்றது. படுத்த படுக்கையான நோயாளரை வீட்டில் காக்கும் உறவினருக்கே மாத உதவித்தொகை வழங்கும் 'ஆசுவாசகிரணம்' என்னும் திட்டத்தை அது கொண்டுவந்தது. மறதிநோயாளருக்கான பகல்நேரக் காப்பகங்களை உள்ளிட்ட 'ஸ்மிருதிபதம்' என்னும் முயற்சியை 2014இல் தொடங்கியது. தொகையும் இடங்களும் தேவைக்கு முன் சிறியவையே. பராமரிப்பவரும் உதவி பெறத்தக்கவர் என்ற எண்ணம் அரசாணையில் ஏறியதே அவற்றின் சிறப்பு.

கோவா காட்டிய வழி

பெரும்பணம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்குக் கோவாவில் விடை கிடைத்தது. மருத்துவர்கள் அமித் டயஸ், விக்ரம் படேல் ஆகியோரும் உடன் ஆய்வாளரும் அங்கே இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டு ஆறு மாத ஆய்வு நடத்தி, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு வந்து துணைசெய்தவர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர். உள்ளூர் மொழி பேசும், பள்ளிப் படிப்பு முடித்த சாதாரண மக்கள்; சில நாள் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மனநல மருத்துவரும் ஓர் ஆற்றுப்படுத்துநரும் இருந்தார்கள்.

அவர்கள் செய்தவை மிக எளியவை. இது நோய், பிடிவாதமன்று என்று வீட்டாருக்கு விளக்கினார்கள். இரவில் எழுந்து நடப்பவரையும் திருட்டுப் பழி சுமத்துபவரையும் எவ்வாறு கையாளலாம் என்று கற்றுத் தந்தார்கள். முதியோருக்கான அரசு உதவிகளைக் கேட்டுப் பெற வழிகாட்டினார்கள். ஒரே துன்பத்தில் இருந்த குடும்பங்களை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பராமரிப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஆறு மாத முடிவில் நோயாளியின் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை, நோய் அத்தகையது. ஆனால் பராமரித்தவரின் மனநலம் தேறியிருந்தது. அவரது மனவேதனை குறைந்திருந்தது. நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் நோயாளியின் வீட்டைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்மிடம் இருப்பவை

இத்தகைய ஏற்பாட்டுக்குத் தேவையான அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். திருச்சூரின் அங்கன்வாடிப் பெண்களைப் போல இவர்களுக்கும் மறதிநோயை இனங்காணப் பயிற்சி தரலாம். முதியோருக்கான 14567 என்ற இலவசத் தேசியத் தொலைபேசி உதவி எண்ணும் உள்ளது. இதை அறிந்த வீடுகள் குறைவு.

திருச்சபையிலோ வீடு தேடிச் செல்லும் மரபு பழமையானது. 1833இல் பாரீசில் ஓசானாம் என்னும் இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் முதற்பணியே ஏழையரை அவர்தம் இல்லத்தில் சந்திப்பது. 1921இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனையும் அதே வழியில் வந்தது. இன்று பங்குதோறும் அன்பியங்கள் உள்ளன. நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. பாட்டிமாருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஆலயத்துக்கு வர இயலாத பாட்டியையும், அவரை விட்டு வர இயலாததால் மாதக்கணக்காகத் திருப்பலி காணாத மருமகளையும் அன்று நினைக்கிறோமா?

நோயாளியைச் சந்திக்கச் செல்லும் நாம் கட்டிலின் அருகே நின்று செபித்துவிட்டுத் திரும்புகிறோம். அடுப்படியில் நிற்பவரிடம், இரவு தூங்கினீர்களா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இத்தகைய வீடு எது என்று அறிந்துகொள்ளட்டும். அது எந்தச் சமயத்தாரின் வீடாக இருந்தாலும் சரி. முதியவரின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்க ஏற்பாடு செய்யட்டும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அவரை அடையாளம் காட்டி வைக்கட்டும். அண்ணன் தம்பிகளை ஒருமுறை உட்கார வைத்து, பணமாகவோ நேரமாகவோ பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளச் செய்வதும் ஒரு புண்ணியமே. பணியாளர் பராமரிப்புக்காக அரை ஷிப்ட் குறைத்துக் கேட்டால் வேலையை விட்டு நிறுத்தாமல் இடங்கொடுப்பதும், அருகருகேயுள்ள சில கம்பெனிகள் சேர்ந்து முதியோருக்கு ஒரு பகல்நேரக் கூடம் நடத்துவதும் தொழில் செய்யும் நம் சகோதரர்களால் ஆகாத காரியங்களல்ல.

இவற்றுள் எதுவும் உடனே கைகூடாவிட்டால், ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் போதும். முதியவரோடு பழகிய ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று அவர் அருகில் அமர்ந்திருக்கலாம். அவர் பத்தாம் முறை கேட்கும் கேள்விக்கும் முதல் முறை போலவே விடை சொல்லலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவ்வீட்டுப் பெண் ஆலயத்துக்குச் செல்லட்டும். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.